ஆராய்ச்சிக் கட்டுரையும் விளங்க வைத்தலும்

இறையனார் அகப்பொருளுக்கு உரை கண்ட வரலாறு தமிழ் கற்போர் யாவரும் அறிந்ததே. அறுபது சூத்திரங்களுக்குச் சங்கப் புலவர் ஒவ்வொருவரும் ஓர் உரை வகுத்தனர். எவர் உரை மெய்யுரை என்பதில் இணக்கம் ஏற்படவில்லை. தத்தம் உரையே சிறந்தது என்பது அவரவர் துணிபு. புலவர் கூட்டத்தில் அஃது இயல்புதானே! ஈற்றில் நடுவர் ஒருவர் வேண்டும் என்றாயிற்று. கிடைத்த நடுவர் யார்? உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுச் சிறுவன். அவனும் ஊமை. உரைகள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. அவன் வாளா இருந்தான். மருதன் இளநாகனார் உரை வாசித்தபோது இடையிடையே கண்ணீர் உகுத்தான். நக்கீரனார் உரை வாசித்தபோது சொல்தோறும் கண்ணீர் உகுத்து மெய்சிலிர்த்தான். நக்கீரனார் உரையே மெய்யுரை என்று புலவர் உடன்பட்டனர்.

இக்கதை நடந்ததா என்பது ஈண்டு நமக்கு வினா அன்று. கதையின் உட்கிடையே வேண்டுவது. நடுவன் ஊமை. ஆதலின் அவனோடு வாதாட முடியாது. 'நான் கருதியது இது' என்று உரைகாரர் இடைபுகுந்து விளக்கம் சொல்லவும் இடமில்லை. எழுதியவரின் புகழும் பட்டமும் அவனிடம் செல்லா. ஓர் உரை, தன்னைத் தானே விளக்கிக்கொண்டு அவன் நெஞ்சிற் சென்று படல் வேண்டும். படாவிடின் அவன் வாளா இருப்பான்.

இக்காலத்து ஆராய்ச்சி இதழ்களிலும் இத்தகைய நடுவர் இருக்கின்றனர். கட்டுரை ஒன்று இதழாசிரியரிடம் வருகிறது. ஆசிரியர் அதனை அத்துறை அறிந்த இருவருக்கோ மூவருக்கோ அனுப்புகிறார். பல இதழ்களில் எழுதியவர் பெயர் நடுவருக்குத் தெரியாது. நடுவர் பெயர் எழுதியவருக்குத் தெரியாது. 1665இல் இலண்டனில் அரச கழகத்தின் செயலாளராயிருந்த ஹென்றி ஓல்டன்பேர்க் தொடங்கிய இதழையே அறிவியல் இதழ்களுக்குத் தாய் என்பர். அதன்பின் மெல்ல மெல்ல வளர்ந்த நடுவர் முறை, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எங்கும் பரவியது. இன்று இலங்கைப் பல்கலைக்கழகங்களில் வெளிவரும் தமிழ் ஆய்விதழ்களும் இம்முறையையே கைக்கொள்கின்றன.

நான் பல்கலைக்கழகத்தான் அல்லன். கீழைத்தேயக் கல்லூரி ஒன்றில் இலக்கணம் கற்பிப்பவன். ஆயினும் இளம் விரிவுரையாளரும் ஆசிரியருமாகிய அன்பர் சிலர், தம் கட்டுரையை இதழுக்கு அனுப்புமுன் 'மொழியை ஒருமுறை பாருங்கள்' என்று கொண்டுவந்து தருவர். மொழியைத்தான் பார்க்கச் சொல்லுவர். பொருளைப் பார்க்கச் சொல்லுவதில்லை. மொழி வேறு, பொருள் வேறு என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணத்தைப் பற்றியே இக்கட்டுரை எழுத நேர்ந்தது.

வினை உணர்த்தும் ஆறு

பின்வரும் வாக்கியத்தைப் பாருங்கள். இஃது எவருடைய கட்டுரையிலிருந்தும் எடுத்ததன்று. நான் அமைத்தது. ஆயினும் இதன் உடன்பிறந்தாரை வாசகர் பல இடங்களிற் கண்டிருப்பர்.

'மாணவர்களின் வாசிப்புத்திறன் விருத்தியில் நூலகப் பயன்பாட்டின் செல்வாக்கானது கணிசமான அளவில் பங்களிப்புச் செய்துள்ளமை இவ்வாய்வின் ஊடாக அவதானிக்கக்கூடியதாகக் காணப்படுகின்றது.'

இதில் எழுத்துப்பிழை இல்லை. சந்திப்பிழை இல்லை. புணர்ச்சி இலக்கணம் மட்டும் பார்ப்பவர் முழுப் புள்ளி இட்டுவிடலாம். ஆனால் இதன் எழுவாய் யாது? 'பங்களிப்புச் செய்துள்ளமை.' பயனிலை யாது? 'காணப்படுகின்றது.' செய்தவர் யார்? செல்வாக்கு! கண்டவர் யார்? ஒருவருமில்லர்! மனிதர் எவரும் உட்புகாதபடி வாயில் அடைத்த வீடு போல நிற்கிறது இவ்வாக்கியம்.

வினைச்சொல் இன்னது என்று கூறப்புகுந்த பவணந்தி முனிவர், அது தன்னுள் ஆறு பொருளை உணர்த்தும் என்றார். செய்தவன் யார், எக்கருவி கொண்டு செய்தான், எவ்விடத்திற் செய்தான், என்ன தொழில் செய்தான், எக்காலத்திற் செய்தான், எப்பொருளைச் செய்தான் என்பன அவை. பானை செய்த குயவனை உதாரணமாகக் காட்டி இதனை வகுப்பிற் கற்பிப்போம். மாணாக்கரும் மனனம் செய்து பரீட்சையில் எழுதிவிடுவர். ஆனால் ஆராய்ச்சி என்பதும் ஒரு வினை அன்றோ? ஆராய்ந்தவர் யார், எக்கருவி கொண்டு, எங்கே, எப்பொழுது, எதனை, என்ன செய்தார் என்னும் ஆறுமே ஒரு நடுவர் முதலில் அறிய வேண்டுவன. மேலை வாக்கியம் இவ்வாறில் ஒன்றையேனும் சொல்லவில்லை.

அதனை இவ்வாறு மாற்றி எழுதிப் பார்ப்போம். 'இரண்டு பாடசாலைகளில் எட்டாம் வகுப்பு மாணாக்கர் 60 பேரை ஓராண்டு காலம் கவனித்தேன். மாதத் தொடக்கந்தோறும் ஒரே பந்தியை வாசிக்கச் செய்து பிழைகளைக் குறித்தேன். கிழமைக்கு ஒருமுறையாவது நூலகம் சென்றவர்கள் செல்லாதவர்களிலும் குறைந்த பிழைகளோடு வாசித்தனர்.'

இப்பொழுது என்ன நிகழ்கிறது? நடுவருக்குக் கேள்விகள் பிறக்கின்றன. 'ஒரே பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் பழக்கத்தினாலேயே பிழை குறையாதா?' என்பது ஒரு கேள்வி. 'நூலகம் சென்றமையால் நன்றாக வாசித்தனரா? நன்றாக வாசிக்க வல்லவர் ஆதலின் நூலகம் சென்றனரா?' என்பது அதனினும் பெரிய கேள்வி. முதல் வாக்கியத்தைப் பார்த்து இக்கேள்விகளை எவராலும் கேட்டிருக்க முடியாது. அது தலையசைப்பை மட்டும் பெறும், தடையைப் பெறாது.

நான் சொல்லவந்த பொருள் முழுவதும் இதுவே. விளங்காத நடை அழகுக் குறைவு மாத்திரம் அன்று. அது தடை எழாதபடி தன்னைக் காத்துக்கொள்ளும் நடை. தடை எழாத இடத்தில் விடைக்கும் இடமில்லை. தடையும் விடையும் இல்லாத இடத்தில் ஆராய்ச்சி இல்லை. விளங்க எழுதுபவன் தன் மார்பைத் திறந்து காட்டி நிற்கிறான். 'இங்கே பிழை இருப்பின் எய்யுங்கள்' என்கிறான். ஆதலின் தெளிவு என்பது மொழிக்கு உரிய ஒப்பனை அன்று. ஆராய்ச்சியாளனுக்கு உரிய வாய்மை.

அளவுகோல்கள்

மேலைநாட்டார் தெளிவையும் அளக்க முயன்றனர். வியன்னாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ருடோல்ப் பிளெஷ் என்பார் 1948இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். வாக்கியத்திற்கு எத்தனை சொல், சொல்லுக்கு எத்தனை அசை என்று எண்ணிக் கணக்கிட்டால் ஓர் எண் வரும். நூற்றை அணுகினால் எளிது. பூச்சியத்தை அணுகினால் அரிது. பூச்சியத்துக்குக் கீழே போனால் பட்டதாரிக்கும் கடினம் என்று கொள்வர்.

சுவீடன் நாட்டு ஆய்வாளர் சிலர் இவ்வளவுகோலைக் கொண்டு, 1881 முதல் 2015 வரை 123 அறிவியல் இதழ்களில் வெளிவந்த 709,577 ஆய்வுச் சுருக்கங்களை அளந்தனர். அவர்கள் முடிவு 2017இல் வெளிவந்தது. ஆங்கில அறிவியற் கட்டுரைகள் ஆண்டுக்காண்டு வாசிப்பதற்கு அரியனவாகி வருகின்றன என்பது அது. பூச்சியத்துக்குக் கீழே விழுந்த சுருக்கங்கள் 1960இல் நூற்றுக்கு 14. 2015இல் நூற்றுக்கு 22. ஆகவே இந்நோய் தமிழுக்கு மட்டும் உரியதன்று. நாம் தனியே தலைகுனிய வேண்டுவதில்லை. ஆறுதல் அடையவும் வேண்டுவதில்லை.

இவ்வளவுகோலை அப்படியே தமிழில் வைத்து அளக்கலாமா? ஆகாது. தமிழ்ச் சொல் பகுதி விகுதி இடைநிலை சாரியை எல்லாம் ஏற்று நீளும் இயல்பினது. 'எழுதிக்கொண்டிருந்தார்களாதலின்' என்பது ஒரு சொல்லாகவே எழுதப்படும், சிறுபிள்ளைக்கும் விளங்கும். 'தற்சுட்டு' என்பது சிறிய சொல். இலக்கணம் கல்லாதவர்க்கு விளங்காது. அசையை எண்ணிப் பயனில்லை.

தமிழ் நடையில் எண்ண வேண்டியது வேறொன்று. தமிழில் பயனிலை பெரும்பாலும் ஈற்றில் வரும். எழுவாயைப் பெற்றுக்கொண்ட வாசகன், இடையில் வரும் எச்சங்களையும் அடைகளையும் வேற்றுமைகளையும் தலையிற் சுமந்தபடி பயனிலை வரும்வரை நடக்கவேண்டும். ஆங்கிலத்தில் வினை முன்னே வந்துவிடும். பாரம் பின்னே வரும். தமிழில் பாரம் முன்னே. இறக்கி வைக்கும் சுமைதாங்கி கடைசியிலே. இடைவழி நெடுந்தூரமாயின் வாசகன் பாதியிற் சுமையைப் போட்டுவிடுவான். ஆதலின் எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையே எத்தனை சொல் என்று எண்ணிப் பாருங்கள். என் வகுப்பில் இதனைச் செய்விப்பதுண்டு. பன்னிரண்டுக்கு மேற்பட்டால் வாக்கியத்தை இரண்டாக்கு என்பது நான் வைத்திருக்கும் வாய்ப்பாடு. அஃது இலக்கண விதி அன்று, அநுபவம்.

ஏன் இப்படி எழுதுகின்றனர்?

அறியாமையால் என்று சொல்லிவிடலாம். அது நீதியாகாது. இவ்வாறு எழுதும் இளைஞர் பலர் நேரிற் பேசும்போது தெளிவாகப் பேசுகின்றனர். 'இக்கட்டுரையில் என்ன கண்டீர்?' என்று கேட்டால் நாலு வாக்கியத்திற் சொல்லிவிடுகின்றனர். அந்த நாலு வாக்கியமும் கட்டுரையில் இல்லை! 'இதையே எழுதலாமே' என்றால், 'அப்படி எழுதினால் ஆராய்ச்சி போலத் தோன்றாதே, ஐயா' என்கின்றனர்.

இந்த அச்சம் முழுதும் பொய்யன்று. ஸ்கொட் ஆம்ஸ்ட்ரோங் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1980இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். முகாமைத்துவ இதழ்களிலிருந்து சில பகுதிகளை எடுத்து, பொருள் மாறாமல் நடையை மட்டும் எளிதாக்கியும் அரிதாக்கியும், இன்ன இதழ் என்று சொல்லாமல் விரிவுரையாளர்களிடம் மதிப்பீட்டுக்குக் கொடுத்தார். அரிய நடையில் இருந்ததையே அவர்கள் ஆராய்ச்சித் திறம் மிக்கது என்று மதித்தனர். பொருள் ஒன்றே, உடை மாறியது, மதிப்பும் மாறியது.

மற்றொரு பக்கமும் உண்டு. டானியல் ஒப்பன்ஹைமர் என்பார் 2006இல் வெளியிட்ட ஆய்வில், தேவையின்றி நீண்ட சொற்களைப் பெய்து எழுதியவரை வாசகர் அறிவிற் குறைந்தவராகவே கருதினர் என்று காட்டினார். இரண்டும் மெய்யாகலாம். தன் துறையிற் பெரியவர் ஒருவர் எழுதியது என்று எண்ணி வாசிப்பவன், விளங்காவிடின் தன்னை நோகிறான். அவ்வெண்ணம் இல்லாதவன் எழுதியவனை நோகிறான்.

விளங்காமைக்கு வணக்கம் செய்யும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1996இல் நிகழ்ந்த ஒன்று சான்று. அலன் சோக்கல் என்னும் பௌதிகப் பேராசிரியர், பொருளற்ற கூற்றுகளைப் பெரும் கோட்பாட்டுச் சொற்களாற் கோத்து ஒரு கட்டுரை இயற்றி, அமெரிக்கப் பண்பாட்டாய்வு இதழ் ஒன்றுக்கு அனுப்பினார். அது வெளியாயிற்று. பின்னர் அது கேலிக்கட்டுரை என்று தாமே அறிவித்தார். அவ்விதழில் அப்போது வெளி நடுவர் முறை இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் ஆசிரியர் குழு ஒன்று அதனை வாசித்தே ஏற்றது. விளங்காததை ஆழம் என்று கொண்டதன் விளைவு அது.

தமிழில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. கோட்பாடுகள் பல ஆங்கில வழியாக நம்மிடம் வந்தன. ஒவ்வொருவரும் ஒவ்வொரு சொல்லாக்கம் செய்தனர். இலங்கையில் ஒரு சொல், தமிழகத்தில் ஒரு சொல். கட்டுடைப்பு என்பாரும் கட்டவிழ்ப்பு என்பாரும் தகர்ப்பமைப்பு என்பாரும் குறித்த பொருள் ஒன்றே. அது குற்றமன்று, புதுச்சொல் பிறக்கும் காலத்தில் அப்படித்தான் இருக்கும். ஒரே கட்டுரையில் முதற்பக்கத்தில் சொல்லாடல், மூன்றாம் பக்கத்தில் கருத்தாடல், ஐந்தாம் பக்கத்தில் உரையாடல் என்று ஒரு பொருளையே மூன்று சொல்லாற் சுட்டுவதுதான் குற்றம். செய்யுளில் அது அணியாகலாம். ஆராய்ச்சியில் அது நன்னூலார் விலக்கிய மயங்க வைத்தல். வாசகன் மூன்று பொருள் என்று எண்ணி மூன்று வழியிற் செல்வான்.

கேட்போர் யார்?

ஆய்விதழ்கள் கட்டுரையின் முன்னே ஒரு சுருக்கம் கேட்கின்றன. இளையோர் பலர் இதனை மேலைநாட்டு வழக்கம் என்று எண்ணி, ஆங்கிலச் சுருக்கத்தை முதலில் எழுதிப் பின் தமிழாக்குகின்றனர். நம்மிடம் பாயிரம் இருப்பதை மறந்துவிட்டனர் போலும். சிறப்புப் பாயிரம் உணர்த்த வேண்டியன எட்டு என்பர். ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. இவற்றை ஒரு சுருக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வழி என்பது முன்னோர் ஆய்வுக்கும் இவ்வாய்வுக்கும் உள்ள தொடர்பு. யாப்பு என்பது அமைப்பு. நுதலிய பொருள் என்பது ஆய்வுப் பொருள். பயன் என்பது முடிவினால் வருவது. இன்றைய இதழாசிரியர் கேட்பவற்றுட் பெரும்பாலன இவ்வெட்டினுள் அடங்கும்.

இவ்வெட்டில் இன்று முற்றாகக் கைவிடப்பட்டது ஒன்று. அது கேட்போர். இக்கட்டுரை யாருக்கு? கேட்டுப் பார்த்தால் 'பதவி உயர்வுக் குழுவுக்கு' என்று சிரித்துக்கொண்டு சொல்லுவாரும் உளர். சிரிப்பில் உண்மை உண்டு. பதவி உயர்வுக்குக் கட்டுரை எண்ணிக்கை வேண்டியிருக்கிறது. எண்ணப்படுவதற்கென்று எழுதியது வாசிக்கப்படுவதற்கென்று எழுதியதாகாது. கேட்போர் இன்னார் என்று நெஞ்சில் இருத்தி எழுதுபவனுக்கு எதனைச் சொல்ல வேண்டும், எதனை விடலாம், எச்சொல்லை விளக்க வேண்டும் என்பன தாமே தெரியும்.

ஓர் ஆசிரியையின் கட்டுரை

கேட்போரை மறந்தால் இழப்பது யாது? ஒன்றைச் சொல்லுகிறேன். வடபகுதிக் கிராமம் ஒன்றில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் ஏழெட்டு ஆண்டுகளாகப் பனைசார்ந்த சொற்களைத் திரட்டி வந்தார். பாய் இழைக்கும் பெண்களிடமும் சீவல்தொழில் செய்யும் முதியவர்களிடமும் கிழங்கு பாத்தி போடுவாரிடமும் திண்ணையில் இருந்து கேட்டு எழுதியவை. ஓலைக்கு எத்தனை பெயர், மட்டைக்கு எத்தனை பெயர், ஒடியல், புழுக்கொடியல், பூரான், ஊமல் என்று பழத்திலிருந்து கிழங்கு வரை எத்தனை பெயர்! சொல் தந்தவர்களுட் சிலர் இன்று உயிரோடு இல்லை.

இதனைக் கட்டுரையாக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார். 'பொருள் தெளிவில்லை' என்ற ஒரு வரியோடு திரும்பி வந்தது. அவர் மனம் உடைந்து என்னிடம் கொண்டுவந்தார். வாசித்தேன். முதல் ஐந்து பக்கம் மொழியும் சமூகமும் பற்றிய மேலைநாட்டார் கோட்பாடுகள். அடுத்து யாழ்ப்பாண வரலாறு. அடுத்துப் பனையின் பயன்கள். கற்பகதருவின் பெருமை நமக்கெல்லாம் தெரிந்ததுதானே!

'பிள்ளை, நீர் திரட்டிய சொற்கள் எங்கே?' என்று கேட்டேன்.

'பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கின்றன, ஐயா.'

'நடுவர் அங்கே வருமுன் களைத்துப்போனார். ஆரிடம் கேட்டீர், எப்போது கேட்டீர் என்பது எங்கே?'

'அதை எழுதவில்லை. சாதாரண ஆட்கள்தானே ஐயா, அவர்கள் பெயரைப் போட்டால் ஆராய்ச்சிக்கு மதிப்பிராது என்று நினைத்தேன்.'

அவர் தம் கட்டுரையின் உயிரையே மதிப்பில்லாதது என்று ஒளித்துவைத்துவிட்டார். பிறர் கோட்பாட்டை முற்றத்தில் வைத்து, தம் சொத்தைக் கோடிப்புறத்தில் வைத்துவிட்டார். மற்றொன்று விரித்தல் என்னும் குற்றம் இதுவே. நாங்கள் இருந்து வரிசையை மாற்றினோம். சொற்கள் முன்னே வந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே சொன்னவர் செய்யும் தொழில், வயது, கேட்ட ஆண்டு ஆகியன வந்தன. கோட்பாடு ஒரு பக்கமாகச் சுருங்கி, அது வேண்டிய இடத்துக்குப் போயிற்று. இருபத்திரண்டு பக்கம் பதினொன்றாயிற்று.

மீண்டும் அனுப்பினார். மீண்டும் திரும்பி வந்தது! ஆனால் இம்முறை ஒரு வரியோடு அன்று. இரண்டு பக்கக் கேள்விகளோடு. அவற்றுள் ஒன்று: 'குருத்தோலையும் சார்வோலையும் ஒன்றென எழுதியுள்ளீர். பாய் இழைப்போரும் அவ்வாறே சொல்லுகின்றனரா?' ஆசிரியை மறுபடி கிராமத்துக்குள் இறங்கினார். பாய் இழைக்கும் பெண்கள் சிரித்தனராம். விரியாத குருத்து வேறு, இழைப்பதற்கு எடுக்கும் சார்வு வேறு என்பது அவர்களுக்கு. தொழிலுக்கு வெளியே நின்று பேசுவோர்தாம் இரண்டையும் ஒன்றாகச் சொன்னவர். சொல்லின் பொருள் கையின் தொழிலோடு செல்வது என்னும் நுட்பம் அப்போதுதான் கட்டுரைக்குக் கிடைத்தது. அதுவே ஈற்றில் அக்கட்டுரையின் முடிபுமாயிற்று.

கவனியுங்கள். முதன்முறை அனுப்பிய கட்டுரையிலும் குருத்தோலையும் சார்வோலையும் ஒன்றென்றே இருந்தன. நடுவர் அதனைக் காணவில்லை. காண முடியாதபடி அது புதைந்து கிடந்தது. தெளிவாக எழுதியபின்தான் பிழை தெரிந்தது. பிழை தெரிந்தபின்தான் உண்மை கிடைத்தது. மொழியைத் திருத்தினோம் என்று எண்ணினோம், திருந்தியது பொருள்.

அருமையும் இருண்மையும்

இங்கே ஒரு தடை எழும். 'பொருள் அரிதாயின் நடை எளிதாக இருக்க முடியுமா? சேனாவரையர் உரை எளிதா? யாழ்நூல் எளிதா?' என்று கேட்பர். நல்ல கேள்வி. சேனாவரையர் உரை எளிதன்று. ஆனால் அவர் எங்கே பிறர் கொள்கையைக் கூறுகிறார், எங்கே மறுக்கிறார், எக்காரணத்தால் மறுக்கிறார் என்பதில் ஐயமில்லை. முயன்று கற்பவனுக்கு ஒவ்வொரு சொல்லும் கூலி கொடுக்கும். விபுலாநந்த அடிகளின் யாழ்நூலும் எளிதன்று. இசையும் கணிதமும் அறியாதவர் அதனுட் புகுவது அரிது. எனினும் அடிகள் தம் முடிபுகளுக்குரிய அளவுகளையும் கணக்குகளையும் வைத்துச் சென்றார். வல்லவர் எவரும் மறுபடி கணக்கிட்டுப் பார்க்கலாம். அந்நூல் 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அறிஞர் அவையில் அரங்கேறியது. அரங்கேற்றம் என்பதே அவையோரின் தடைக்கு முகங்கொடுத்து நிற்றல் அன்றோ?

அருமை வேறு, இருண்மை வேறு. அருமை பொருளில் உள்ளது. மலை உயரம் என்றால் ஏறுபவன் இளைக்கத்தான் செய்வான். இருண்மை எழுதியவன் உண்டாக்கியது. சமவெளியிற் புகையைப் போட்டுவிட்டு 'மலை' என்று சொல்லுவது அது. 1953இல் வற்சனும் கிறிக்கும் மரபணுப் பொருளின் அமைப்பை உலகுக்கு அறிவித்த கட்டுரை, இதழிற் பிடித்த இடம் ஒரு பக்கத்துக்குச் சற்று மேல். உயிரியலையே மாற்றிய பொருளுக்கு அவ்வளவு இடம் போதியதாயிற்று.

நம் மண்ணிலும் வழிகாட்டிகள் உண்டு. ஆறுமுக நாவலர் சந்தி பிரித்தும் நிறுத்தக் குறிகள் இட்டும் தமிழ் வசனத்தை வாசிக்கத்தக்கதாக்கினார். நன்னூலுக்குக் காண்டிகையுரை செய்தவரும் பாலபாடம் செய்தவரும் அவரே. புலவருக்கு எழுதும்போதும் பாலருக்கு எழுதும்போதும் கேட்போர் இன்னார் என்பதை அவர் மறந்ததில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்தார். அவருடைய பதிப்புரைகள் ஏடு தேடிய வரலாற்றையும் ஏடுகள் இருந்த நிலையையும் வாசகர் கண்முன் வைப்பன. பேராசிரியர் கைலாசபதி பல்கலைக்கழகத்துக்குச் செல்லுமுன் தினகரன் ஆசிரியராக இருந்தவர். பத்திரிகை வாசகனை அறிந்த கை, ஆய்வு எழுதும்போதும் அவனை மறக்கவில்லை. அவர் கொள்கையோடு உடன்படாதவர் பலர். உடன்படாமல் இருப்பதற்கும் அவர் சொன்னது விளங்கியிருக்க வேண்டுமே! அவர் மறுக்கப்படத்தக்கவாறு எழுதினார். அது பெருமை.

செய்யத்தக்கன

எழுதும் அன்பர்களுக்கு மூன்று சொல்லுவேன். முதலாவது, கட்டுரையை எழுதுமுன் உங்கள் முடிபை நாலு வாக்கியத்தில் ஒருவருக்கு வாயாற் சொல்லுங்கள்; சொன்னபடியே எழுதி அதனை முன்னே வையுங்கள். இரண்டாவது, 'காணப்படுகின்றது', 'அவதானிக்கப்பட்டுள்ளது' என்று வரும் இடந்தோறும் கண்டவர் யார், எங்கே, எப்போது என்று கேட்டு நிரப்புங்கள். நிரப்ப முடியாவிடின் அங்கே ஆராய்ச்சி நடைபெறவில்லை என்பது பொருள். மூன்றாவது, ஒரு பொருளுக்கு ஒரு சொல்லைக் கொண்டு, முதலிலேயே அதனை விளக்கி, ஈறுவரை அதனையே வழங்குங்கள்.

நடுவர்களுக்கும் இதழாசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். 'பொருள் தெளிவில்லை' என்னும் ஒரு வரி தீர்ப்பாகலாம், உதவியாகாது. எந்தப் பந்தியில் வழி தப்பியது என்று காட்டினால் எழுதியவர் திரும்பி வருவார். விளங்காத கட்டுரையை விளங்கியதுபோல் ஏற்றுக்கொள்வதோ அதனினும் கொடிது. 'எனக்கு விளங்கவில்லை' என்று சொல்லுவது நடுவருக்கு இழுக்கன்று. அவர் அவ்விடத்தில் இருப்பதே அதற்காகத்தான்.

மாணாக்கர்களுக்கு ஒன்று. ஆய்விதழில் ஒரு கட்டுரையை இருமுறை கவனமாக வாசித்தும் விளங்காவிடின் உடனே உங்களை நொந்துகொள்ளாதீர்கள். பென்சிலை எடுத்து எழுவாயையும் பயனிலையையும் கோடிட்டுப் பாருங்கள். செய்தவன், கருவி, இடம், தொழில், காலம், செய்பொருள் என்னும் ஆறையும் தேடுங்கள். அவை இருந்து உங்களுக்குப் புலப்படாவிடின் ஆசிரியரை அணுகிக் கேளுங்கள், குறை கல்வியில். அவை இல்லையாயின் இதழாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், குறை கட்டுரையில். எது என்று பிரித்தறியப் பழகுவதே ஆராய்ச்சிக் கல்வியின் முதற்படி.